பதினோராம் கட்டம்

ஏம்மா, உன் பையில தொங்குதே, அது இருபது முகத்துப் பகடைதானே? என்ன அப்படிப் பாக்கே? இந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும்னா? தெரியும்மா. நானும் ஆடியிருக்கேன். அஞ்சு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம, மத்தியானம் மூணு மணிக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரு, இந்தப் பையக் கீழ வச்சிக்கிடுதேன். உள்ள ஒரு பேப்பர் இருக்கு, மடங்கிரக் கூடாது.

இந்த பஸ்ல நாகர்கோவில் வரைக்கும் போறியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். அங்க ஜெபின்னு ஒருத்தன் இருக்கான். அவன்தான் எங்களுக்குக் கதை நடத்துனவன். நேர்ல பாத்தது கிடையாது, கொரல் மட்டும்தான் தெரியும். தங்கமான கொரல். அந்தக் கொரல நம்பித்தான் நான் மோசம் போனேன். இந்த வயசுல ஒரு மனுசிக்கு இவ்வளவு பெரிய துரோகத்தப் பண்ணிட்டுப் பேசாம இருக்காங்க பாத்துக்க, அவனும் என் தங்கச்சி மகளுமாச் சேந்து.

முதல்ல இருந்து சொல்லுதேன், கேளு. பேரு மங்கையர்க்கரசி. சங்கரன்கோவில் பக்கம். பத்திரப் பதிவு ஆபீஸ்ல முப்பத்திமூணு வருசம் வேல பாத்து ரிட்டயர்டு ஆனவ. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல. ரிட்டயர்டு ஆன பெறகு காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். அதப் பாத்துட்டுத்தான் என் தங்கச்சி மக சௌந்தர்யா, பெங்களூர்ல இருக்கா, 'பெரியம்மா, நாங்க நாலஞ்சு பேரு கம்ப்யூட்டர்ல ஒரு கதை ஆடுதோம், நீங்களும் வாங்க'ன்னா. சீட்டாட்டமான்னு கேட்டேன். இல்ல பெரியம்மா, ஆளுக்கு ஒரு வேசம் எடுத்துக்கிட்டு ஒரு ராஜ்ஜியத்துக்குள்ள போறதுன்னா. வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டே நாடகமான்னு எனக்குச் சிரிப்பு.

ஆனா போனேன். ஏன் போனேன்னா, கூப்புடுறதுக்கு எனக்கு அவள விட்டா வேற யாரு இருக்கா? அவளும் அவ அம்மாவும்தான். என் தங்கச்சி பூரணம், ராஜபாளையத்துல இருக்கா. செவ்வாய்க்கெழமைக்குச் செவ்வாய்க்கெழம போன் பண்ணிருவா. 'அக்கா, என்ன கொழம்பு வச்சே'ன்னு கேப்பா. வேற ஒண்ணும் பேச மாட்டா. அவ சுபாவம் அது, அதிகம் சிரிக்க மாட்டா, பேச மாட்டா. ஆனா போன் பண்ணிருவா.

சரி, விசயத்துக்கு வாரேன். உங்க கூட்டத்துல சேரும்போது உனக்கு எப்படி? சும்மா ஒரு வேசத்தச் சொல்லிட்டு உக்காந்திரலாமா? எங்க கூட்டத்துல அப்படி இல்ல. ஜெபின் ஒரு படிவம் அனுப்புவான். பதினோரு கட்டம். பேரு, ஊரு, என்ன வேசம், என்ன ஆயுதம், என்ன பலம், எதுக்குப் பயப்படுவீங்க, இப்படி. அதுல பதினோராவது கட்டம் என்னன்னா, 'யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் ஒரு தவறு.' அதக் கதை நடத்துறவன் மட்டும்தான் பாப்பானாம். மத்தவங்களுக்குக் காட்ட மாட்டானாம். நான் போன்லயே கேட்டேன், 'தம்பி, இது நிச்சயமா உன்னத் தவிர வேற யாரு கண்ணுலயும் படாதே?' 'சத்தியமா மேடம், நீங்களும் நானும் மட்டும்தான். ஆனா இத வச்சுத்தான் கதையில உங்களுக்கு ஒரு சிக்கல் வரும்'னான். வந்தா வந்துட்டுப் போகுது, கதைதானேன்னு நானும் விட்டுட்டேன். முக்கியம் அதில்ல. சத்தியம்னு சொன்னானா இல்லியா? அதுதான் முக்கியம்.

வேசம் என்ன எடுக்கன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். வாள்வீரன் இருக்கான், மந்திரவாதி இருக்கா, திருடன் இருக்கான். திருடனா வந்தவன் கோயம்புத்தூர்ல பல் டாக்டரு, மந்திரவாதி ஒரு பேங்க்ல வேல பாக்குற பொண்ணு. கூத்தப் பாரு. சௌந்தர்யா அரண்மனைய விட்டு ஓடிவந்த இளவரசி. 'மேடம், எங்களுக்கு வைத்தியர்தான் இல்ல, நீங்க வைத்தியரா வந்தா நல்லாருக்கும்'னு ஜெபின் கெஞ்சுனான். மாட்டேன்னுட்டேன். மெய்க்காவலர்னு போடுன்னேன். இளவரசிக்கு மெய்க்காவலர். முப்பத்திமூணு வருசம் ஊர் சனங்க பத்திரத்தயெல்லாம் காவல் காத்தவ நான். ரிக்கார்டு ரூம் சாவி என் இடுப்புலதான் இருக்கும். நம்பி ஒப்படைச்சா ஒரு தாளு கூடக் கலையாது. என்னத் தவிர வேற யாரு அந்த வேசத்துக்குப் பொருத்தம், நீயே சொல்லு.

பேரு என்ன வைக்கன்னு கேட்டான். பெ. மங்கையர்க்கரசின்னே போட்டேன். 'மேடம், புதுப் பேரு வைக்கலாமே'ன்னான். படிவத்துல எப்படிம்மா புதுப் பேரு எழுத? அப்புறம் அவனே சுருக்கி 'மங்கை'ன்னு வச்சிக்கிட்டான். கையில வேல்கம்பு.

அந்தப் பதினோராவது கட்டத்துக்கு வந்தேன். வெறுமனே விட்டிருக்கலாம். ஆனா காலிக் கட்டத்தோட ஒரு படிவத்த நான் ஆயுசுல வாங்குனதும் கிடையாது, குடுத்ததும் கிடையாது. இல்லாதத எழுதுனதும் கிடையாது. முதல்ல வெள்ளத்தாள்ல எழுதிப் பாத்து, அடிச்சுத் திருத்தி, அதுக்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல தட்டுனேன். உள்ளத உள்ளபடி எழுதுனேன்.

என்ன எழுதுனேன்னு கேக்கியா? நீ யாரோ எவரோ, உங்கிட்ட சொல்லுததுல என்ன இருக்கு.

முப்பது வருசத்துக்கு முன்னால நடந்தது. பூரணத்துக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. அந்தோணின்னு ஒருத்தன், ஈ.பி.யில வயர்மேன், அவங்கூடப் பழக்கம். வேற மதம்ங்கறதால ரெஜிஸ்தர் ஆபீஸ்ல முதல்ல நோட்டீஸ் குடுக்கணும். அந்த நோட்டீஸ முப்பது நாள் போர்டுல ஒட்டி வைக்கணும், யாருக்காவது ஆட்சேபம் இருக்கான்னு பாக்க. அதுக்கு அப்புறம்தான் கல்யாணம். எங்க ஆபீஸ்ல நான் இருக்கேங்கற தைரியத்துல ரெண்டு பேரும் வந்து குடுத்தாங்க. குடுத்துட்டு எங்கிட்ட தனியா வந்தா. 'அக்கா, போர்டுல ஒட்டத்தானே செய்வாக. அதுக்கு மேல வேற ஏதாவது ஒரு தாள ஒட்டி மறைச்சிரு அக்கா. முப்பது நாள்தான். அப்பா அந்தப் பக்கம் வந்தாலும் கண்ணுல படாது'ன்னு என் கையப் புடிச்சா. சரின்னேன். பீயூன் இசக்கிமுத்து நோட்டீஸ ஒட்டுனாரு. நான் மேல ஒரு ஏல அறிவிப்ப ஒட்டுனேன். ஒட்டத்தான் செஞ்சேன்மா, அத யாரும் மறுக்க முடியாது.

ஒன்பது நாள் இருந்தேன். பத்தாம் நாள் அப்பாட்ட சொல்லிட்டேன்.

அவ நல்லதுக்குத்தான். என்னன்னு தெரியாத எடத்துல போய் விழுந்து, நாளைக்கு அவன் விட்டுட்டுப் போயிட்டா? அந்தச் சமயம் எனக்கு ஒரு எடம் வந்திருந்தது, புளியங்குடியில ஸ்கூல் வாத்தியாரு, பேச்சு பாதி முடிஞ்சிருந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த எடம் எப்படியும் தட்டித்தான் போச்சு. நான் சொன்னது பூரணத்துக்காக. அப்பாவும் சித்தப்பாமாரும் போய் அந்தோணியப் பாத்துப் பேசுனாக. எப்படிப் பேசுனாகன்னு நான் கேட்டுக்கிடல. அவன் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான். இவள ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளயே வச்சு, ராஜபாளையத்துல கட்டிக் குடுத்தாக. மாப்ள நல்ல மனுசன். குடி கிடையாது, கை நீட்ட மாட்டாரு, பேசவும் மாட்டாரு.

நான்தான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியாது. பீயூன் இசக்கிமுத்து சொல்லிட்டான்னு அவளாவே நெனச்சுக்கிட்டா. நான் ஒண்ணும் அப்படிச் சொல்லல. இல்லன்னும் சொல்லல. ஒரு தடவ இசக்கிமுத்து எங்கிட்ட வந்து, 'ஏம்மா, உங்க தங்கச்சி நடுரோட்டுல என்னப் பாத்துக் காறித் துப்பிட்டுப் போகுது, நான் என்ன பாவம் செஞ்சேன்'னாரு. 'அவ சின்னப்புள்ள, விட்டுருங்க'ன்னேன். விட்டுட்டாரு. நல்ல மனுசன். செத்து எட்டு வருசம் ஆச்சு.

இதத்தான் எழுதுனேன். நோட்டீஸ், போர்டு, முப்பது நாள் எல்லாம். ஆள் பேரு மட்டும் போடல. அன்னைக்கு சாயந்தரமே ஜெபின் போன் பண்ணிட்டான். 'மேடம், என்ன ஒரு கற்பனை! பத்து வருசமா நடத்துதேன், இப்படி ஒண்ண யாரும் எழுதுனதில்ல'ன்னான். அவன் பாராட்டும்போது போய் அது கற்பனை இல்ல, நெசம்னு எப்படிச் சொல்ல? பேசாம இருந்துட்டேன். உண்மையச் சொன்னா, கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்தது. வாழ்க்கையில நான் செஞ்ச ஒண்ண ஒருத்தன் நல்லாருக்குன்னு சொன்னது அதுதான் முதல் தடவ.

அந்த அஞ்சு மாசத்த எப்படிச் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கே தலைசீவி, பவுடர் போட்டு, ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருவேன். யாரும் பாக்கப் போறதில்ல, இருந்தாலும். 'மங்கை, முன்னால போங்க', 'மங்கை, கதவ ஒடைங்க'ன்னு எல்லாரும் என்னத்தான் கூப்பிடுவாங்க. ஒரு தடவ புலி வந்தது. நான் பகடைய உருட்டுனேன், இருபது விழுந்தது! பல் டாக்டரு கத்துன கத்துல என் காதே அடைச்சிட்டு. சௌந்தர்யா, 'எங்க பெரியம்மா இருக்கும்போது எனக்கென்ன பயம்'னா. எத்தன நாள் அதையே சொல்லிச் சொல்லிப் பாத்திருப்பேன் தெரியுமா. ஏம்மா, நான் இருபத்தெட்டு வருசமா அந்தப் புள்ளைக்குத் தீவாளிக்குத் துணி எடுத்துக் குடுக்கேன், ஒருநாளும் அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல.

அப்பத்தான் அந்த ஞாயித்துக்கிழமை வந்தது.

ஆத்தங்கரைக்கு வந்துட்டோம். அக்கரையில ஒரு படகுக்காரன் இளவரசிக்காகக் காத்திருக்கான். அவங்கூடப் போயிட்டா அவளுக்கு விடுதலை. ஜெபின் சொல்லுதான், 'இந்த நாட்டுல ஒரு சட்டம். ஆத்தக் கடக்குறவங்க பேர ஓலையில எழுதி, சுங்கச்சாவடி வாசல்ல முப்பது நாள் தொங்கவிடணும்.' நான் ஹெட்போன காதோட அழுத்திக்கிட்டேன். சௌந்தர்யாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவ பாட்டுக்கு இளவரசியாப் பேசுதா. 'மங்கை, என் ஓலைக்கு மேல வேற ஓலையத் தொங்கவிட்டு மறைச்சிருங்க. முப்பது நாள்தானே.' அப்படியே அவ அம்மா கொரல் பாத்துக்க. மறைச்சிருங்கறதுல அந்த இழுப்பு உள்பட.

ஜெபின் அதோட விட்டானா? 'அரண்மனைக் குதிரைக்காரன் ஒருத்தன் தண்ணி குடிக்க வாரான். மங்கை மட்டும்தான் வாசல்ல நிக்காங்க. என்ன செய்யுதீங்க மங்கை?' நான் பகடைய எடுத்தேன். 'இல்ல மேடம். இதுக்குப் பகடை கிடையாது. நீங்களே சொல்லணும்'னுட்டான்.

நீ என்னம்மா செஞ்சிருப்பே? ஆத்துல வெள்ளம். படகுக்காரன் யாரு எவன்னு தெரியாது. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல? மெய்க்காவலர்னா உயிரக் காப்பாத்தணுமா, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டணுமா? நான் சொன்னேன், 'குதிரைக்காரன்ட்ட சொல்லி அரண்மனைக்கு ஆள் அனுப்புதேன்.'

ஒரே சத்தம். 'ஐயோ மங்கை'ன்னு பேங்க் பொண்ணு. பல் டாக்டரு கை தட்டிச் சிரிக்கான், செமன்னு. ஜெபினுக்கு சந்தோசம் தாங்கல. சௌந்தர்யாவும் சிரிச்சு முடிச்சுட்டுத்தான் கேட்டா, 'ஏன் மங்கை? அஞ்சு மாசமா எனக்குக் காவலா வந்தீங்களே, ஏன் இப்படிச் செஞ்சீங்க?' இளவரசி கேக்குற மாதிரி, அழுற கொரல்ல, வேசத்துலதான் கேட்டா. எனக்கு அது வேசமாத் தெரியல. எல்லாரும் சேந்து என்னக் கூண்டுல ஏத்துன மாதிரி இருந்தது. பொறுக்கல. வாயில வந்துட்டு.

'உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்! உங்கம்மாவுக்கும் இதத்தான் செஞ்சேன், இன்னைக்கு அவ நல்லா இல்லாமயா போயிட்டா?'

அதுக்குப் பெறகு ஹெட்போன் கெட்டுப் போச்சோன்னு தட்டிக்கூடப் பாத்தேன். அப்புறம் சௌந்தர்யா மெதுவாக் கேட்டா, 'பெரியம்மா, அம்மாவுக்கு என்ன செஞ்சீங்க?' ஜெபின் நடுவுல வந்து, 'மேடம், பதினோராவது கட்டத்துல எழுதுனது கற்பனை இல்லியா?'ன்னான். பாரு! பாரு அவன! எல்லாரும் கேக்க, பதினோராவது கட்டம்னு வாய் விட்டுச் சொல்லுதான்! சத்தியம் பண்ணுனவன்! கத்தித் தீத்துட்டேன் நான். நீங்கள்லாம் சேந்து திட்டம் போட்டு என்ன நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்கன்னேன். கத்தி முடிச்சுப் பாத்தா சௌந்தர்யா பேரு கம்ப்யூட்டர்ல இல்ல. போயிட்டா.

போனவ என்ன செஞ்சிருக்கணும்? எங்கிட்டதானே கேக்கணும்? நான்தானே பெரியம்மா? நேரா அவ அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கா. துரோகம்னா இதுதாம்மா துரோகம். நம்பி ஒரு எடத்துல வாயத் தொறந்தா, அதக் கொண்டுபோய் யாருகிட்ட சொல்லக் கூடாதோ அவங்ககிட்டயே சொல்லுறது. எப்படி மனசு வரும் ஒரு பொண்ணுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் பாட்டுக்கு வழக்கம்போல உக்காந்திருந்தேன். அஞ்சு மணி வரைக்கும் இருந்தேன். யாரும் வரல. பேங்க் பொண்ணு அப்புறம் ஒரு செய்தி போட்டா, 'மேடம், நாங்க கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல ஆடுதோம், தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு.

அந்தக் கூத்து நடந்த வாரமே பூரணமும், செவ்வாய்க்கெழம வரைக்கும் காத்திருந்துதான் போன் பண்ணுனா. அத நெனச்சாத்தான் எனக்கு... திங்கக்கெழமயே பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பா. செவ்வாய்க்கெழம, அதே நேரத்துக்கு. என்ன கொழம்புன்னு கேக்கல. 'அக்கா, இசக்கிமுத்து சாவுக்குக்கூட நான் போகல. அவரு பொண்டாட்டி கூட்டத்துல என்னத் தேடிச்சாம். நான் எங்க வீட்டு வாசல்ல நின்னு நல்லா வேணும்னு சொன்னேன்'னா. அப்புறம் சொன்னா, 'அக்கா, புள்ள ஏதோ வெளையாட்டுல தப்பாப் புரிஞ்சிருக்கும். நீ இல்லன்னு ஒரு தடவ சொல்லு. ஒரே ஒரு தடவ. நான் நம்பிக்கிடுதேன்.'

நான் வாயத் தொறக்கத்தான் செஞ்சேன். இல்லங்கறது மூணே எழுத்துள்ள ஒரு வார்த்த, அது வரல. அவ போன வச்சுட்டா. அது ஆச்சு ஆறு செவ்வாய்க்கெழம.

பெறகு யோசிச்சேன். வாய்வார்த்தைக்கு என்னம்மா மதிப்பு? இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்கு மாறுவோம். எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும். அதான் இந்தப் பேப்பர். நானே தயார் பண்ணுனேன், வாசிக்கேன் கேளு. 'மேற்படி படிவத்தின் பதினோராம் கட்டத்தில் என்னால் எழுதப்பட்ட விவரங்கள் யாவும் விளையாட்டின் பொருட்டுக் கற்பனையாக எழுதப்பட்டவையே அன்றி, எந்த உண்மைச் சம்பவத்தையும் குறிப்பன அல்ல என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' எப்படி? ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. நான் கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சி வேணும். ஜெபின் ஒரு சாட்சி. போடாம விடமாட்டேன், அவன் வீட்டு வாசல்லயே உக்காந்திருவேன். அவன்தான் கற்பனைன்னு முதல்ல சொன்னவன், அவன் போட்டா பூரணம் நம்புவா. நம்பிக்கிடுதேன்னு அவளே சொன்னாளே. நம்பணும்னுதான் அவளுக்கும் இருக்கு.

இன்னொரு சாட்சி நீ போடுதியாம்மா?

என்ன முழிக்கே? அய்ய, படிச்சவ, இதுக்குப் போய் பயப்படுதியே. சாட்சின்னா என்னன்னு நெனச்சே? எழுதியிருக்கது உண்மைன்னு நீ சொல்ல வேண்டாம். உள்ள இருக்கதப் பத்தி உனக்குப் பேச்சே கிடையாது. இந்தம்மா என் கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டாங்க, அத நான் பாத்தேன். அவ்வளவுதான் சாட்சி. முப்பத்திமூணு வருசமா எத்தன பேருக்கு இத வெளக்கியிருக்கேன். ஒருத்தர் கூட மறுத்ததில்ல.

இந்தா, பேனா எங்கிட்டயே இருக்கு. நான் போடுதேன், நீ பாத்துக்க. என் கையெழுத்துல ஒரு கோடு மாறுனாலும் பூரணம் கண்டுபிடிச்சிருவா, சின்னப் புள்ளையில என்ன மாதிரியே போட்டுப் பழகுனவ அவ.

சே, இந்த ரோட்டப் பாரேன், என்னமா தூக்கிப் போடுது. எழுத்து கோணுது. வள்ளியூர்ல வண்டி நிக்கும்ல, நின்ன பெறகு போடுவோம்.

என்னது?

வள்ளியூர் வந்து, வண்டி நின்னு இவ்வளவு நேரம் ஆச்சா?